இன்ஜின் வால்வும் அல்-ஜஸரியின் தண்ணீர்க் கடிகாரமும்



மதுரை மாவட்டத்தின் மேற்கு ஓரம், மலையடிவாரத்தில் இருக்கும் எழுமலையிலோ பக்கத்து உசிலம்பட்டியிலோ ஒரு மோட்டார் பட்டறைக்குள் நுழைந்து பாருங்கள். இன்ஜின் ஹெட்டைக் கழற்றி மேசை மேல் வைத்திருப்பார்கள். வேலை பழகும் பையன் ஒருவன் வால்வின் விளிம்பில் சாணைப் பசையைத் தடவி, குச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மோர் கடைவது போல உருட்டிக்கொண்டிருப்பான். வால்வும் அது உட்காரும் சீட்டும் ஒன்றோடு ஒன்று தேய்ந்து பொருந்த வேண்டும். தேய்த்து முடித்ததும் மண்ணெண்ணெய் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பான். ஒரு சொட்டு இறங்கினாலும் மறுபடியும் முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

அந்தப் பையனுக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. வால்வையும் அதன் சீட்டையும் சாணைப் பொடி போட்டுத் தேய்த்து, தண்ணீர் கசியாமல் பொருத்தும் இதே வேலையை 800 ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் பொறியாளர் செய்தார். செய்ததோடு நிற்காமல், அடுத்தவரும் செய்யும்படி எழுதியும் வைத்தார். அவர்தான் அல்-ஜஸரி.

பெயரும் காலமும்

அவருடைய முழுப் பெயர் பதீஉஸ் ஸமான் அபுல் இஸ் இப்னு இஸ்மாயீல் இப்னு அர்-ரஸ்ஸாஸ் அல்-ஜஸரி. பதீஉஸ் ஸமான் என்றால் காலத்தின் அதிசயம் என்று பொருள். யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகளுக்கு இடைப்பட்ட வடக்குப் பகுதியை அரபிகள் அல்-ஜஸீரா என்று அழைத்தார்கள். அந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதால் அல்-ஜஸரி ஆனார்.

அவர் வேலை பார்த்தது அர்துக் வம்ச அரசர்களிடம். இன்று துருக்கியில் தியார்பகிர் என்று அழைக்கப்படும் ஆமித் நகரம் அவர்களுடைய தலைநகராக இருந்தது. 1183-இல் சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி இந்த நகரத்தைக் கைப்பற்றி, தம் பக்கம் நின்ற அர்துக் அரசர் நூருத்தீன் முஹம்மதிடம் ஒப்படைத்தார். நான்கு ஆண்டுகளில், 1187-இல், பைத்துல் முகத்தஸ் மீட்கப்பட்டது. சிலுவைப் போர்களின் அந்த நெருக்கடியான காலத்தில்தான் அல்-ஜஸரி தம் பட்டறையில் செம்பையும் பித்தளையையும் மரத்தையும் வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்.

நூருத்தீன் முஹம்மத், அவருக்குப் பின் மகன் குத்புத்தீன் சுக்மான், அவருக்குப் பின் தம்பி நாசிருத்தீன் மஹ்மூத் என்று ஒரே குடும்பத்தின் மூன்று அரசர்களிடம் அவர் பணியாற்றினார். சுமார் 25 ஆண்டு காலம். இந்தக் காலத்தில் அவர் செய்தவை பலவகை. அரண்மனைக்குப் பித்தளையில் வார்த்த கதவு, எழுத்துகளைச் சரியாகத் திருப்பினால் மட்டும் திறக்கும் பூட்டு, நேரம் மாறும்போது உருவம் மாறிப் பீய்ச்சும் நீரூற்றுகள், தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள், கடிகாரங்கள்.

மன்னர் மஹ்மூத் ஒளூ செய்யும்போது வேலையாட்கள் நின்று கையில் தண்ணீர் ஊற்றுவதை விரும்பவில்லை. மனிதர் யாரும் ஊற்றாமல் தாமே ஒளூ செய்துகொள்ள ஒரு கருவி வேண்டும் என்று கேட்டார். அல்-ஜஸரி செய்துகொடுத்தார். தேவையான அளவு தண்ணீர் தானாக வந்து தானாக நிற்கும். உள்ளே வேலை செய்தது மிதவையும் வால்வும்தான்.

நீளும் மணி, சுருங்கும் மணி

அவர் அதிகம் மெனக்கெட்டது கடிகாரங்களுக்காக. அன்றைய கடிகாரத்தில் இருந்த சிக்கலை நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்று ஒரு மணி என்றால் எப்போதும் 60 நிமிடம். அன்று அப்படி இல்லை. சூரியன் உதித்ததிலிருந்து மறையும் வரை உள்ள பகலை 12 பங்காகப் பிரிப்பார்கள். கோடையிலும் 12 பங்குதான், குளிர்காலத்திலும் 12 பங்குதான். மதுரைப் பக்கம் நமக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வேறுபாடு வரும். ஆமித் நம்மைவிட வெகு வடக்கே உள்ள ஊர். அங்கே கோடைப் பகல் பதினான்கரை மணி நேரத்துக்கு மேல் நீளும். குளிர்காலப் பகல் ஒன்பதரை மணி நேரம் அளவுக்குச் சுருங்கும். ஆகவே அந்த ஊரில் கோடையின் ஒரு மணி நம் கணக்கில் 70 நிமிடத்தைத் தாண்டும். குளிர்காலத்தின் ஒரு மணி 50 நிமிடத்தைக்கூடத் தொடாது.

தண்ணீர்க் கடிகாரம் ஓடுவது தொட்டியிலிருந்து ஒழுகும் நீரால். நீர்மட்டம் இறங்க, அதன் மேல் மிதக்கும் மிதவையும் இறங்கும். அது கயிற்றை இழுத்துக் கதவுகளைத் திறக்கும், குண்டுகளை விழவைக்கும், பொம்மைகளை அசைக்கும். துளை ஒரே அளவில் இருந்தால் தண்ணீர் எல்லா நாளும் ஒரே வேகத்தில்தான் இறங்கும். கோடைக்குச் சரியாக வைத்தால் குளிர்காலத்தில் தவறும். குளிர்காலத்துக்கு வைத்தால் கோடையில் தவறும். நடுவில் ஓர் அளவை வைத்தால் இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் தவறும்.

இரண்டு வால்வுகள், ஒரு வட்டு

அல்-ஜஸரி இதை இரண்டு படியாகத் தீர்த்தார்.

முதல் படி, ஒழுக்கைச் சீராக்குவது. தொட்டி நிறைந்திருக்கும்போது அழுத்தம் அதிகம், நீர் வேகமாக வரும். குறையக் குறைய வேகம் தணியும். இதைத் தடுக்கப் பெரிய தொட்டிக்குக் கீழே ஒரு சிறிய அறை வைத்தார். அதில் ஒரு மிதவை, மிதவையின் தலையில் கூம்பு வடிவ வால்வு. அறையில் நீர் ஏறினால் மிதவை ஏறி வால்வை அடைக்கும். நீர் இறங்கினால் வால்வு திறக்கும். அதனால் அறையில் நீர்மட்டம் எப்போதும் ஒரே அளவில் நிற்கும். பழைய பைக்கின் கார்புரேட்டரைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அதிலுள்ள மிதவையும் ஊசி வால்வும் செய்வது இதே வேலை. நம் வீட்டு மொட்டைமாடித் தொட்டியின் மிதவை வால்வும் அதேதான். இந்தக் கூம்பு வால்வு அடைக்கும்போது ஒரு சொட்டும் கசியக் கூடாது என்பதற்காகத்தான் சாணைப் பொடி போட்டுத் தேய்த்தார்.

இரண்டாவது படி, அந்தச் சீரான ஒழுக்கை நாளுக்கேற்ப மாற்றுவது. வட்டமான ஒரு தகடு, அதன் விளிம்பில் ராசிகளும் நாட்களும் குறித்த அளவுகள். தண்ணீர் வெளியேறும் துளையை அந்த வட்டத்தில் எந்த இடத்துக்கும் திருப்பி வைக்கலாம். துளை மேலே இருந்தால் அதன் மேல் நிற்கும் நீர் குறைவு, ஒழுக்கு மெதுவாகும். அது நீண்ட பகலுக்கு. துளை கீழே இருந்தால் நீரின் அழுத்தம் கூடி ஒழுக்கு வேகமாகும். அது குறுகிய பகலுக்கு. அன்றாடம் தேதிக்கு ஏற்பத் திருப்பி வைத்தால் போதும்.

இந்த யோசனை அவருக்கு முன்பே இருந்தது. ஆர்க்கிமிடீஸ் பெயரில் வழங்கிய பழைய நூலிலும் இப்படி ஒரு தகடு உண்டு. அல்-ஜஸரி அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. செய்து பார்த்தார், நேரம் தவறியது. வேறு விதமாகச் செய்திருந்ததையும் சோதித்தார், அதுவும் தவறியது. பிறகு தாமே தண்ணீரை அளந்து அளந்து, எந்த நாளுக்குத் துளை எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் இடமாகக் கண்டுபிடித்துக் குறித்தார். பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் அவர் எதையும் ஏற்கவில்லை. செய்து சரிபார்க்காத தொழில் அறிவை அவர் நம்பவில்லை.

இன்ஜினில் அதே சிக்கல்

இப்போது எழுமலைப் பட்டறைக்குத் திரும்புவோம். கார் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வு, எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. இவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட். அது ஒரு தண்டு. அதில் முட்டை வடிவப் புடைப்புகள் இருக்கும். தண்டு சுற்றும்போது புடைப்பு வந்து வால்வைத் தள்ளித் திறக்கும், கடந்ததும் ஸ்பிரிங் அதை மூடிவிடும். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும்.

எப்போது திறப்பது, எப்போது மூடுவது? இங்கேதான் கோடை, குளிர்காலச் சிக்கல் திரும்ப வருகிறது. உசிலம்பட்டியிலிருந்து தேனிக்குப் போகும் கார், குடும்பத்தையும் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஆண்டிபட்டி கணவாயில் மெதுவாக ஏறுகிறது. அதே கார் மறுநாள் திருமங்கலம் நான்கு வழிச் சாலையில் பறக்கிறது.

வேகமாக ஓடும்போது உள்ளே பாயும் காற்று தன் வேகத்தாலேயே தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். பிஸ்டன் மேலேறத் தொடங்கிய பின்னும் உள்வால்வைச் சற்று நேரம் திறந்து வைத்தால் இன்னும் கொஞ்சம் காற்று கிடைக்கும், சக்தி கூடும். மெதுவாக ஓடும்போது அப்படித் திறந்து வைத்தால் வந்த காற்றே திரும்ப வெளியே தள்ளப்படும். இழுவை குறையும். அதேபோல, புகை வால்வு மூடுவதற்கு முன்பே உள்வால்வு திறந்தால் வேகத்தில் நல்லது. ஆனால் வண்டி நின்று ஓடும்போது எரிந்த புகை உள்ளே கலந்து இன்ஜின் குலுங்கும்.

பழைய இன்ஜின்களில் கேம் ஷாஃப்ட்டின் நேரம் ஒரே இடத்தில் நிலையாக இருக்கும். எல்லா வேகத்துக்கும் பொதுவாக நடுவில் ஓர் அளவை வைத்துவிடுவார்கள். இரண்டிலும் கொஞ்சம் இழப்பு. இதற்கு வந்த தீர்வுதான் இன்று கார் விளம்பரங்களில் நாம் பார்க்கும் வி.வி.டி., அதாவது வால்வு திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கேற்ப மாற்றும் அமைப்பு.

கேம் ஷாஃப்ட்டின் முனையில், செயின் ஓடும் பல்சக்கரத்துக்குள் ஒரு குடம் போன்ற பாகம் இருக்கும். அதன் உள்ளே இன்ஜின் ஆயில் ஒரு பக்கம் அழுத்தினால் கேம் ஷாஃப்ட் சில டிகிரி முன்னே திரும்பும். மறுபக்கம் அழுத்தினால் பின்னே திரும்பும். ஆயிலை எந்தப் பக்கம் விடுவது என்று, இன்ஜினின் வேகத்தையும் சுமையையும் பார்த்து, வண்டியின் கணினி ஒரு மின் வால்வுக்குக் கட்டளையிடும். விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் வைத்தது இத்தாலியின் ஆல்ஃபா ரோமியோ, 1980-இல். 1989-இல் ஹோண்டா, வேகம் கூடியதும் வேறொரு புடைப்புக்கு மாறி வால்வை அதிகமாகத் திறக்கும் முறையைக் கொண்டுவந்தது. இன்று நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய பெட்ரோல் கார்களிலும் இந்த அமைப்பு வந்துவிட்டது. இது ஆயில் அழுத்தத்தால் நடக்கும் வேலை என்பதால், காலத்தில் ஆயில் மாற்றாமல் சேறு கட்டவிட்டால் முதலில் தகராறு செய்வதும் இதுதான். குடும்பத்தில் கார் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

உண்மை எது, மிகை எது

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் கார் இன்ஜினையே அல்-ஜஸரி கண்டுபிடித்தார் என்பது வரை வந்துவிட்டது. அது சரியல்ல. நான்கு வீச்சு இன்ஜினை 1876-இல் ஓட வைத்தவர் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ. தண்டில் புடைப்பு வைத்து நெம்புகோலைத் தள்ளும் முறை அல்-ஜஸரிக்கு முன்பே கிரேக்கரிடமும் சீனரிடமும் இருந்தது. கூம்பு வால்வை 9-ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதின் பனூ மூஸா சகோதரர்கள் கையாண்டார்கள். வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு அவருடைய வட்டுத் தகட்டிலிருந்து வந்ததும் அல்ல. சிக்கல் ஒன்று போல இருந்தது, தீர்வின் போக்கும் ஒன்று போல அமைந்தது. அவ்வளவுதான்.

உண்மையில் அவர் செய்ததே போதுமான பெருமை. அவருடைய படகு ஒன்றில் இசைக் கலைஞர் பொம்மைகள் இருக்கும். தண்ணீர் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதன் தண்டில் உள்ள முளைகள் நெம்புகோல்களைத் தட்டி, பொம்மைகளின் கைகளை அசைக்கும். மாடு சுற்றி வர, கிராங்க் ஒன்று ஏற்றச் சட்டத்தை ஏற்றி இறக்கித் தண்ணீர் இறைக்கும் கருவியும் செய்தார். எதிரெதிரே இரண்டு செம்பு உருளைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன், ஒன்று உறிஞ்சும்போது மற்றது தள்ளும் பம்ப் ஒன்றும் அவருடையது. அதில் உறிஞ்சு குழாய்களும், நீரைத் திரும்பவிடாத வால்வுகளும் உண்டு. சுற்றும் சக்கரத்தின் ஓட்டத்தைப் பிஸ்டனின் முன்பின் ஓட்டமாக மாற்றுவது அந்தப் பம்பின் வேலை. நம் கார் இன்ஜின் அதையே தலைகீழாகச் செய்கிறது.

எழுதி வைத்த கை

இவ்வளவையும் பார்த்த மன்னர் மஹ்மூத், இந்த வேலைகள் அழிந்துவிடக் கூடாது, எழுதி வை என்று கட்டளையிட்டார். ஹிஜ்ரி 602, கி.பி. 1206-இல் அந்த நூல் முடிந்தது. மொத்தம் 50 கருவிகள், ஆறு பிரிவுகள். கடிகாரங்கள், விருந்துப் பாத்திரங்கள், கை கழுவும் கருவிகள், நீரூற்றுகள் என நான்கிலும் பத்துப் பத்து. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் ஐந்து, மற்றவை ஐந்து.

அவற்றில் புகழ்பெற்றது யானைக் கடிகாரம். துபாயில் இப்னு பதூதா மால் போய் வந்தவர்கள் அதன் பெரிய மாதிரியைப் பார்த்திருப்பீர்கள். யானையின் வயிற்றுக்குள் தண்ணீரில் ஒரு துளையிட்ட கிண்ணம் மிதக்கும். அரை மணியில் அது நிறைந்து மூழ்கும். மூழ்கும்போது மேலே குண்டு விழும், பாம்பு தலை தாழ்த்தும், பாகன் யானையை அடிப்பான். அந்த அசைவே கிண்ணத்தை மறுபடி மேலே தூக்கிவிடும். நம் முன்னோர் பயன்படுத்திய நாழிகை வட்டிலின் உறவுதான் அந்தக் கிண்ணம். இந்தியாவின் யானை, சீனத்தின் நாகம், கிரேக்கத்தின் நீர்க்கலை, அரபு எழுத்தர் என்று எல்லாரையும் ஒரே கருவியில் உட்கார வைத்தார். யாரிடமிருந்து வந்ததோ அவர்களுக்கு உரிய இடத்தைக் கொடுத்தார்.

அந்த நூலின் பெரிய சிறப்பு அது எழுதப்பட்ட விதம். ஒவ்வொரு பாகத்துக்கும் படம், அளவு, எந்த உலோகம், எப்படி வார்ப்பது, மரம் வளையாமலிருக்கப் பலகைகளை எப்படி அடுக்கி ஒட்டுவது, சக்கரத்தை எப்படிச் சமநிலைப்படுத்துவது என்று ஒரு கொத்தனார் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பது போல எழுதினார். அதே காலத்தில், 1203-இல், டமாஸ்கஸ் பள்ளிவாசலின் கடிகாரத்தைப் பழுதுபார்த்த ரிழ்வான் என்பவரும் ஒரு நூல் எழுதினார். ஆனால் அல்-ஜஸரியின் நூலைப் பார்த்துத்தான் பிற்காலத்தவரால் கருவியையே மீண்டும் செய்ய முடிந்தது. நூல் முடிந்த அந்த 1206-லேயே அவர் வஃபாத் ஆனார் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1974-இல் டொனால்ட் ஹில் என்ற பொறியாளர் நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். 1976-இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கடிகாரத்தை நூலில் உள்ளபடி கட்டினார்கள். அது ஓடியது. 770 ஆண்டுகள் கழித்து, முன்பின் பார்த்திராத மனிதர்களுக்கு அவர் வேலை கற்றுக்கொடுத்துவிட்டார்.

நம் வீடுகளில்

இந்த வரலாற்றைச் சொல்லிப் பெருமைப்படும் நாமே, நம் பையன் பட்டறைக்குப் போகிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். ஐ.டி.ஐ. படித்த மாப்பிள்ளை என்றால், மெக்கானிக்கா, கையெல்லாம் கிரீஸாக இருக்குமே என்று பெண் வீட்டார் தயங்குகிறார்கள். வெளிநாட்டில் என்ன வேலை என்று கேட்காமலேயே சபுராளி மாப்பிள்ளைக்குச் சம்மதிக்கிற குடும்பங்களையும் பார்க்கிறோம். தாவூத் (அலை) அவர்கள் இரும்பில் கவசம் செய்தவர்கள், ஸகரிய்யா (அலை) அவர்கள் தச்சர் என்பதை ஜும்ஆ பயானில் கேட்டுவிட்டு வருகிறோம். வீட்டில் அதை மறந்துவிடுகிறோம்.

பட்டறைக்காரச் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள். தொழில் ரகசியம் என்று மறைத்துவிடாமல், வேலை பழக வரும் பிள்ளைகளுக்கு ஏன், எதற்கு என்று சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். இன்றைய இன்ஜினில் கணினியும் மின் வால்வும் வந்துவிட்டன. கை மட்டும் பழகினால் போதாது, பாடமும் வேண்டும். பகலில் பட்டறை, மாலையில் படிப்பு என்று பிள்ளைகளை அனுப்புங்கள். பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளையையும் ஐ.டி.ஐ.யிலோ டிப்ளமோவிலோ சேர்த்துவிட ஜமாஅத்தார் முயற்சி எடுக்கலாம்.

அறிவையும் கைவேலையையும் ஒரே மனிதரிடம் சேர்த்து வைத்ததுதான் அல்-ஜஸரியின் வாழ்க்கை. எழுமலைப் பட்டறையில் வால்வு தேய்க்கும் அந்தப் பையன் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்து, ஒரு சொட்டுக் கசிவதைக் கண்டு, யாரும் சொல்லாமலேயே மறுபடி தேய்க்க உட்காருகிறான் என்றால், அல்-ஜஸரியின் உண்மையான வாரிசு அவன்தான். அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளிலும் அறிவிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.